கையில் எடுக்கத் தோதான கெக்கோ எது?

"வீட்டில் பிள்ளை கெக்கோ கேட்கிறது, எதை வாங்கலாம்?" என்று எங்களுக்குத் தெரிந்தவர்கள் அடிக்கடி விசாரிக்கிறார்கள். கெக்கோ என்பது நம் வீட்டுப் பல்லியின் இனம்தான், செல்லப்பிராணியாக வளர்க்கிற வகைகள் இவை. எங்கள் வீட்டில் லெப்பர்டு கெக்கோவும் கிரெஸ்டட் கெக்கோவும் இருப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்பவர்கள்தான் பெரும்பாலும். டொரொண்டோ அபார்ட்மென்ட்களில் நாய் வளர்ப்பது பலருக்குச் சரிப்படாது. அதனால் பேச்சு எப்படியோ இங்கே வந்து நிற்கிறது. முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "கடிக்காதது எது?"

கடியைப் பற்றி இவ்வளவு கவலை வேண்டாம். வீட்டில் வளர்க்கிற சின்ன இனங்கள் ஐம்பது, அறுபது கிராம் எடைதான் இருக்கும். கடித்தால் திடுக்கிட்டுப் போவோம், ரத்தம் வருவது அபூர்வம். நான் கேட்கச் சொல்வது வேறு கேள்வி: பயந்துபோனால் இது என்ன செய்யும்? நின்ற இடத்தில் நிற்குமா, நடந்து விலகுமா, தாவிவிடுமா? கெக்கோ வளர்க்கிற வீடுகளில் நடக்கிற விபத்துகள் எல்லாம் இங்கேதான் இருக்கின்றன. கையிலிருந்து கீழே விழுவது, அலமாரிக்குப் பின்னால் போய் மறைவது, வாலைக் கழற்றிப் போட்டுவிடுவது. பிள்ளை கத்திக்கொண்டு கையை உதறுவதும் இதில் சேர்த்தி.

கடைகளிலும் ரெப்டைல் எக்ஸ்போ என்கிற ஊர்வனக் கண்காட்சிகளிலும் கண்ணில் படுகிறவற்றில் இரண்டை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். ஒன்று டோக்கே. சாம்பல் நீல உடம்பில் ஆரஞ்சுப் புள்ளிகள், பார்க்க அத்தனை அழகு. ஆனால் கடித்தால் பிடியை விடாது, கடியும் வலிக்கிற கடி. அதோடு, காட்டிலிருந்து பிடித்து வந்தவை இன்னமும் விற்பனைக்கு வருகின்றன. நோய்க்கு மருந்து என்ற பொய் நம்பிக்கையால் இந்த இனம் ஆசியா முழுக்க வேட்டையாடப்பட்டது. 2019-இல்தான், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். இன்னொன்று மடகாஸ்கரின் பச்சை நிறப் பகல் கெக்கோ. அதன் தோல் மிக மெல்லியது. இறுக்கிப் பிடித்தால் எதிரியின் வாயில் தோலை விட்டுவிட்டு ஓடுவதுதான் அதன் தற்காப்பு, நம் விரலும் அதற்கு எதிரிதான். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க அதைவிட நல்ல பிராணி கிடையாது. கையில் எடுக்க வாங்காதீர்கள்.

மிச்சம் நான்கு. லெப்பர்டு, ஆப்பிரிக்க ஃபேட் டெய்ல் இரண்டும் தரையில் நடப்பவை. கிரெஸ்டட், கார்காயில் இரண்டும் மரத்தில் வாழ்பவை. கையில் எடுக்கும்போது தெரிகிற வித்தியாசம் எல்லாம் இந்தப் பிரிவிலிருந்துதான் வருகிறது.

லெப்பர்டு கெக்கோவுக்குப் பூர்வீகம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வடமேற்கு இந்தியா பக்கத்து வறண்ட கற்பாங்கான நிலம். நம் வீட்டுப் பல்லிக்கு இருக்கிற ஒட்டும் பாதம் இதற்கு இல்லை, விரல் நுனியில் சின்ன நகம் மட்டும்தான். சுவரில் ஏறாது, கண்ணாடியிலும் ஏறாது. பல்லிகளில் பலவற்றுக்கு இல்லாத கண்ணிமை இதற்கு உண்டு, நம்மைப் பார்த்துக் கண் சிமிட்டும். இதைச் சும்மா சொல்லவில்லை. பல்லி தோளில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கம் பார்க்கிற பாட்டி இருக்கிற வீட்டில், சுவரில் ஏறாமல் தரையில் நிதானமாக நடந்து வந்து கண் சிமிட்டுகிற பிராணி அதிகம் எதிர்ப்பைச் சந்திப்பதில்லை. எங்கள் வீட்டில் அப்படித்தான் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

கையில் இது நடக்கும். பழகிய லெப்பர்டு உள்ளங்கைக்கு வந்ததும் முதலில் நாக்கை நீட்டி விரலைத் தொட்டுப் பார்க்கும். ஒரு காலை முன்னால் வைக்கும், யோசிக்கும், அடுத்த காலை வைக்கும். கைச்சூடு வயிற்றில் ஏறினதும் கால்களைப் பரப்பி அப்படியே படுத்துவிடும், கண்ணும் பாதி மூடும். இத்தனை மெதுவாக நடப்பதால்தான் பத்து வயதுப் பிள்ளையால்கூடச் சமாளிக்க முடிகிறது. அடுத்து என்ன செய்யப் போகிறது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

எச்சரிக்கையும் வெளிப்படையாகவே கொடுக்கும். வாலை மேலே தூக்கி மெல்ல இப்படியும் அப்படியும் ஆட்டினால், "கிட்டே வராதே" என்று பொருள். கையை எடுத்துவிட வேண்டும். வால் நுனி மட்டும் படபடவென்று துடித்தால் அது வேறு, இரையைப் பார்த்த பரபரப்பு. அந்த நேரத்தில் கூண்டுக்குள் விரலை நீட்டினால் விரலைப் புழு என்று நினைத்துக் கவ்வும். குஞ்சாக இருக்கும்போது இதே பிராணி வாயைப் பிளந்து கீச்சென்று கத்தும். உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத சத்தம் அது. அதைக் கேட்டுப் பயந்து, முரட்டுப் பிராணியை வாங்கிவிட்டோம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வளர வளர அந்தக் கத்தல் பெரும்பாலும் நின்றுவிடும்.

வால் விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். தடித்த அந்த வால்தான் இதன் சேமிப்பு, பட்டினிக் காலத்துக்கு வேண்டிய கொழுப்பு அங்கேதான் இருக்கிறது. வாலைப் பிடித்தாலோ மிகவும் பயந்தாலோ கழற்றிவிடும். திரும்ப முளைக்கும், ஆனால் குட்டையாக, வழவழப்பாக, பழைய வளையங்கள் இல்லாமல் வரும். முளைத்து முடிகிற வரை நல்ல தீனி கொடுத்துத் தேற்ற வேண்டும்.

ஃபேட் டெய்ல் கெக்கோ லெப்பர்டுக்கு ஆப்பிரிக்கச் சொந்தம், செனகலிலிருந்து கேமரூன் வரையான மேற்கு ஆப்பிரிக்காவில் வாழ்வது. அதே அளவு, அதே கண்ணிமை, அதே கொழுத்த வால். லெப்பர்டையும் விட மெதுவானது, இருப்பதிலேயே சாது இதுதான் என்று வளர்ப்பவர்கள் பலர் சொல்வார்கள். எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. இது கூச்ச சுபாவம் உள்ள பிராணி. கையில் அசையாமல் இருக்கிறது என்றால் நிம்மதியாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது, பயத்தில் உறைந்துபோயும் இருக்கலாம். தொண்டைக்குக் கீழே தோல் வேகவேகமாக ஏறி இறங்கினால், உடம்பு விறைத்து வயிறு கையில் படியாமல் இருந்தால், அது பயம். பெரியவர்களுக்கு இது புரியும், பிள்ளைகளுக்குப் புரிவது கஷ்டம். லெப்பர்டு விலகி நடந்து தன் மறுப்பைச் சொல்லிவிடும், இது சொல்லாமலே பொறுத்துக்கொள்ளும். அதோடு ஈரப்பதமும் அதிகம் வேண்டும். சில வாரக்கணக்கில் சாப்பிடாமலும் இருக்கும். முதல் கெக்கோவாக வாங்கியவருக்கு அந்த நாட்களில் தூக்கம் வராது.

கிரெஸ்டட் கெக்கோவின் கதையே தனி. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே பசிபிக் கடலில் இருக்கிற நியூ கலிடோனியா தீவுகளில் மட்டும் வாழ்கிற இனம். 1866-இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமாகி, பிறகு கண்ணில் படாமல் போய், அழிந்தேவிட்டது என்று நினைத்திருந்ததை 1994-இல் திரும்பக் கண்டுபிடித்தார்கள். இன்றைக்குக் கடைகளில் இருப்பவை எல்லாம் அதற்குப் பிறகு கூண்டில் பிறந்து பெருகிய தலைமுறைகள். கண்ணுக்கு மேலே இமை மயிர் மாதிரி முட்கள், அகன்ற முகம், சிரிக்கிற மாதிரி வாய். இமை கிடையாது, கண்ணை நாக்கால் நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும்.

சாப்பாட்டு விஷயத்தில் இதை அடிக்க ஆள் இல்லை. பழத்தை அடிப்படையாகக் கொண்ட தயார் மாவு கிடைக்கிறது. தண்ணீரில் குழைத்து வைத்தால் போதும், நக்கிச் சாப்பிடும். பூச்சி கொடுத்தால் நல்லது, கொடுக்காவிட்டாலும் முழு உணவாகத் தயாரித்த மாவில் வாழும். லெப்பர்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. உயிருள்ள கிரிக்கெட் பூச்சியும் மீல்வார்ம் புழுவும் வேண்டும், அதன் மேல் கால்சியம் பொடி தூவ வேண்டும். மீல்வார்ம் டப்பாவைத் தயிர் டப்பாவுக்குப் பக்கத்தில் ஃபிரிட்ஜில் வைக்க வீட்டில் சம்மதிப்பார்களா என்பதை வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பலருடைய முடிவு அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

கையில் எடுப்பதற்கு வருவோம். கிரெஸ்டட் தாவும். குணம் கெட்டதால் இல்லை, மரத்தில் வாழ்கிற பிராணிக்கு ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குப் போகிற வழியே அதுதான். நம் கையும் அதற்கு ஒரு கிளை. தாவுவதற்கு முன்னால் பின்னங்கால்களை உடம்போடு சேர்த்துக்கொள்ளும், தலை ஒரே இடத்தைப் பார்த்து நிலைக்கும். அதைப் பார்த்ததும் அடுத்த கையை அதன் முகத்துக்கு முன்னால் கொண்டுபோய்விட வேண்டும். அப்படி ஒரு கை மாற்றி ஒரு கை கொடுத்துக்கொண்டே இருந்தால் ஏறி ஏறிப் போகும், பாதம் ஒட்டி ஒட்டிப் பிரிவதை விரலில் உணரலாம். பெரியவர்களுக்கு இது அருமையான அனுபவம், நான் விரும்பிச் செய்வதும் இதைத்தான். ஏழெட்டு வயதுப் பிள்ளையிடம் இந்த வேகத்தை எதிர்பார்க்க முடியாது.

வால் போனால் கிரெஸ்டடுக்குத் திரும்ப முளைக்காது. காட்டில் வளர்ந்தவற்றில் பெரும்பாலானவை வாலில்லாமலேதான் காணப்படுகின்றன, நன்றாகவே வாழ்கின்றன. பிராணிக்கு அது நஷ்டமில்லை. ஆனால் தன்னால்தான் போனது என்று நினைக்கிற பிள்ளையைத் தேற்றுவது பெரிய வேலை. வாங்கும்போதே இதைப் பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்.

கார்காயில் கெக்கோவும் அதே நியூ கலிடோனியாதான். தலையில் சின்னக் கொம்பு மாதிரி புடைப்புகள். கிரெஸ்டடைவிடக் கட்டுமஸ்தானது, அவ்வளவாகத் தாவாது, வால் போனாலும் முளைக்கும், அதே மாவைச் சாப்பிடும். இவ்வளவு நல்லது சொல்லிவிட்டு ஒன்றையும் சொல்ல வேண்டும்: கிரெஸ்டடைவிட இது கடிக்கத் தயங்காது. சற்று அழுத்தமான கடி. பூச்சிக்குப் பயப்படுகிற, பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்துவிட்ட வீட்டுக்கு நான் கிரெஸ்டடைவிட இதையே சொல்வேன். விலை மட்டும் கூடுதலாக இருக்கும்.

குணத்தை மட்டும் பார்த்து வாங்கிவிட்டால் வீடு ஒத்துழைக்காமல் போகலாம். கனடாக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் 20, 21 டிகிரி இருக்கும், ஹீட்டர் ஓடுவதால் காற்று காய்ந்துபோயிருக்கும். லெப்பர்டுக்கு ஒரு பக்கம் தரை 32 டிகிரி அளவுக்குச் சூடாக வேண்டும், மறுபக்கம் 24, 25. அதற்கு ஹீட் மேட்டோ (தொட்டிக்கு அடியில் வைக்கிற சூடேற்றும் விரிப்பு) விளக்கோ வைத்து, சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட்டில் கட்டாயம் இணைக்க வேண்டும். தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட் மேட் வயிற்றைச் சுட்டுவிடும். காய்ந்த காற்று அதற்குப் பிரச்சினை இல்லை, தோலுரிக்க ஈரப் பாசி போட்ட ஒரு சின்ன டப்பா போதும். கிரெஸ்டடுக்குக் கிட்டத்தட்ட எல்லாமே எதிர்மாறு. 22 முதல் 26 டிகிரி வரை போதும் என்பதால் குளிர்காலத்தில் சிறிதளவு உதவினால் சமாளித்துவிடும், ஆனால் தினமும் தண்ணீர் தெளித்து ஈரம் காக்க வேண்டும். அதற்கு ஆபத்து ஜூலையில்தான். ஏசி இல்லாத மாடி அபார்ட்மென்ட்டில் வெப்பம் 28 டிகிரியைத் தாண்டி நின்றால் அது வாடிவிடும், இன்னும் ஏறினால் உயிருக்கே ஆபத்து. சூடேற்றுவது எளிது, குளிர வைப்பது கஷ்டம். ஏசி இல்லாத வீட்டுக்கு நியூ கலிடோனியா இனங்கள் இரண்டுமே வேண்டாம்.

இடமும் அப்படித்தான். லெப்பர்டுக்கு நீளமான தொட்டி, மூன்றடி நீளம் இருந்தால் நல்லது. கிரெஸ்டடுக்கு உயரமான தொட்டி. எந்த இனமானாலும் ஒன்றைத் தனியாகவே வளருங்கள், துணை இல்லாமல் அவை ஏங்குவதில்லை. இரண்டு ஆண்களைச் சேர்த்து விட்டால் சண்டை நிச்சயம்.

சாதுவான இனமாக இருந்தாலும் பழக்குகிற விதம் தப்பானால் பலன் இல்லை. வீட்டுக்கு வந்ததும் இரண்டு வாரம் தொடவே வேண்டாம். தீனி வைப்பது, தண்ணீர் மாற்றுவது மட்டும். அதற்குப் பிறகு கையைத் தொட்டிக்குள் தரையோடு வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். அது வந்து நாக்கால் தொட்டுப் பார்க்கட்டும், ஏறினால் ஏறட்டும். மேலிருந்து கையை இறக்கிப் பிடிப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. பருந்து வருகிற திசை அது, எந்தச் சாது கெக்கோவும் மிரளும். பக்கவாட்டில் கையைக் கொண்டுபோய் வயிற்றுக்கு அடியில் விரல்களை நுழைத்து, நான்கு கால்களும் கையில் ஊன்றியிருக்கும்படி தூக்க வேண்டும். வாலில் கையே படக்கூடாது. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும், மடியில் ஒரு துண்டு விரித்துக்கொண்டால் இன்னும் நல்லது. லெப்பர்டு நிதானமானதுதான், ஆனால் கையின் ஓரம் எங்கே முடிகிறது என்று கவனிக்காமல் நடந்துவிடும். நின்றபடி வைத்திருந்தால் நாலடி உயரத்திலிருந்து விழும்.

ஆரம்பத்தில் ஐந்து நிமிடம் போதும். சாப்பிட்டு ஒரு நாள் ஆகிறவரை எடுக்காதீர்கள், கக்கிவிடும். உடம்பு வெளுத்துத் தோலுரிக்கத் தயாராகிற நாட்களிலும் விட்டுவிடுங்கள். மாலை மங்கிய பிறகு எடுங்கள், பகலில் அவை தூங்குகிற நேரம். இத்தனையும் செய்தாலும் சில கெக்கோக்கள் கைக்குப் பழகாது. நாய் மாதிரி வருடலை விரும்பிக் கேட்கிற பிராணி இது கிடையாது. பழகினது நம்மைப் பொறுத்துக்கொள்கிறது, நம் சூட்டை விரும்புகிறது, அவ்வளவுதான். பிள்ளையிடம் இதை மறைக்காமல் சொல்லலாம். பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள்.

வாங்கப் போகும்போது, இனத்தைத் தேர்ந்தெடுத்தால் பாதி வேலைதான் முடிந்தது. ஒரே இனத்தில் ஒன்று சாதுவாகவும் இன்னொன்று மிரட்சியாகவும் இருக்கும். குஞ்சை வாங்காமல், ஒரு வயதைத் தாண்டியதாகப் பாருங்கள். குணம் அதற்குள் தெரிந்துவிடும். விற்பவரையே கையில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் எடுக்கிற விதத்திலேயே அது எப்படி வளர்ந்தது என்பது தெரியும். லெப்பர்டு, ஃபேட் டெய்ல் என்றால் வால் கொழுத்திருக்க வேண்டும், எதுவானாலும் கண் தெளிவாக இருக்க வேண்டும், விரல்கள் எல்லாம் இருக்க வேண்டும். பழைய தோல் விரலில் இறுகி, நுனி உதிர்ந்துபோன லெப்பர்டுகள் நிறைய உண்டு. தாடை இளகியிருந்தாலோ கால் வளைந்திருந்தாலோ கால்சியம் பற்றாக்குறை. லெப்பர்டில் எனிக்மா, லெமன் ஃப்ராஸ்ட் என்ற நிற வகைகளை எவ்வளவு அழகாக இருந்தாலும் தவிர்த்துவிடுங்கள். எனிக்மாவுக்கு நரம்புக் கோளாறு வரும், தலை சாய்ந்து வட்டமடிக்கும். லெமன் ஃப்ராஸ்டுக்குத் தோலில் கட்டிகள் வரும். அந்த நிறங்களை யாரும் வாங்காமல் விட்டால்தான் அவற்றை இனப்பெருக்கம் செய்வது நிற்கும்.

ஆகவே, பூச்சிக்கு வீட்டில் மறுப்பு இல்லை, பிள்ளைக்கு எட்டு வயதுக்கு மேல் என்றால் வளர்ந்த லெப்பர்டு கெக்கோ ஒன்றை வாங்குங்கள். வேறு எதையும் யோசிக்க வேண்டாம். பூச்சியே வேண்டாம், ஏசி இருக்கிறது, கையில் எடுப்பது பெரியவர்கள் அல்லது பதின்வயதினர் என்றால் கார்காயில், கிடைக்காவிட்டால் கிரெஸ்டட். ஃபேட் டெய்லை இரண்டாவது கெக்கோவாக, பிராணியின் உடல்மொழி பழகிய பிறகு வாங்குங்கள். லெப்பர்டு 15, 20 வருடம் இருக்கும், கிரெஸ்டடும் அப்படித்தான். இன்று பத்து வயதுப் பிள்ளை வேலைக்குப் போன பிறகும் அது வீட்டில் இருக்கும். யார் பார்த்துக்கொள்வது என்று இப்போதே பேசிவிடுங்கள்.

சட்டம் ஊருக்கு ஊர் வேறு. டொரொண்டோவில் தடை இரண்டு மீட்டருக்கு மேல் வளர்கிற பல்லி இனங்களுக்குத்தான், கெக்கோவுக்குச் சிக்கல் இல்லை. சிங்கப்பூரில் கெக்கோ வளர்க்கவே அனுமதி கிடையாது, அங்கே அனுமதி உள்ள ஊர்வன இரண்டு ஆமை வகைகள் மட்டும். ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டு ஊர்வனவற்றை வளர்க்க முடியாது, உள்நாட்டு இனங்களுக்கு உரிமம் வாங்கி வளர்க்கலாம். இந்தியாவில் இருப்பவர்கள் காட்டிலிருந்து பிடித்த எதையும் தொடாதீர்கள், வெளிநாட்டு இனமானாலும் வனத்துறையிடம் விசாரிக்காமல் வாங்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. எந்த இனமானாலும், ஆரோக்கியமாகத் தெரிகிற கெக்கோவின் எச்சத்திலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். 2015-இல் அமெரிக்காவில் கிரெஸ்டட் கெக்கோக்களிடமிருந்தே பலருக்குப் பரவியது. எடுப்பதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், தொட்டியையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் சமையலறைச் சிங்க்கில் கழுவக்கூடாது, முத்தம் கொடுக்கவே கூடாது. ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருக்கிற வீட்டிலும், புற்றுநோய் சிகிச்சை போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இருக்கிற வீட்டிலும் இப்போதைக்கு வேண்டாம். பிள்ளை எவ்வளவு கெஞ்சினாலும் தள்ளிப்போடுங்கள்.